மணல் திடலில் நசீர் கேட்ட கேள்வி

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு என் அனுபவத்தில் ஒன்றிரண்டை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எனக்குக் கட்டுரை எழுதிப் பழக்கமில்லை. பள்ளிக்கூடம் உயர்நிலை இரண்டோடு நின்றுவிட்டது. வீட்டில் என் பிள்ளைகளிடம் பேசுவது போலத்தான் எனக்கு எழுத வரும். அப்படியே படித்துக்கொள்ளுங்கள்.

நான் டாக்டர் இல்லை. பிசியோ படித்தவனும் இல்லை. அணியோடு போகிற டிரெய்னர். ஐஸ் பெட்டி, தண்ணீர் போத்தல், கட்டுத் துணி இவற்றோடு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்து, யாராவது விழுந்தால் ஓடுகிற ஆள். கட்டு எப்படிப் போடுவது, ஐஸ் எவ்வளவு நேரம் வைப்பது என்பதையெல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். என்னைவிட நன்றாகவே செய்வீர்கள். நான் சொல்ல வந்தது, விழுந்தவர் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்த பிறகு, எல்லாரும் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி.

பல அணிகளோடு போயிருக்கிறேன். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் இந்த நாட்களில் மனம் போய் நிற்பது ஒரே ஒரு பருவத்தில்தான். நம் நாட்டு அணி கடற்கரைக் காற்பந்தில் மற்ற நாட்டு அணிகளோடு ஒரு பருவம் முழுக்க ஆடியது. இரண்டு கட்டங்கள் வெளிநாட்டில், கடைசிக் கட்டம் இங்கே சிங்கப்பூரில். பட்டியலில் கடைசியில் முடிக்கிற அணிக்கு அடுத்த பருவத்தில் இடமில்லை.

நம் ஆட்டக்காரர்கள் யாருக்கும் இது பிழைப்பு இல்லை. ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் டெலிவரி ஓட்டுநர், ஒருவர் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. வேலை முடிந்து சாயங்காலம் கடற்கரைக்கு வருவார்கள். யாராவது பிசாங் கோரெங், மாவில் பொரித்த வாழைப்பழம், பொட்டலமாகக் கொண்டு வருவார்கள். மணலோடு சேர்த்துத் தின்போம். தூரத்தில் கப்பல்கள் நிற்கும். ஒவ்வொன்றாக விளக்குப் போடுவார்கள். "கடைசி ரவுண்டு" என்று கோச் சொன்னால் எல்லாரும் சேர்ந்து திட்டுவார்கள். அந்த ஆட்களை மறுபடி அப்படி ஒரே இடத்தில் பார்க்க வழியில்லை. நான் மட்டும் சில சாயங்காலம் பேருந்து பிடித்து அங்கே போய், மணலில் யாரோ பிள்ளைகள் பந்து விளையாடுவதைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். இந்த ஆட்டத்தைக் காலணி இல்லாமல், வெறுங்காலில் ஆட வேண்டும். நாங்கள் பழகியது சாயங்கால மணலில். முதல் கட்டத்துக்கு வெளிநாடு போனபோது ஆட்டம் உச்சி வெயிலில். மணல் சுடாமல் இருக்க அங்கே தண்ணீர் அடித்துத்தான் விடுவார்கள், ஆனாலும் கோல் பக்கத்து மூலைகள் சீக்கிரம் காய்ந்துவிடும். எங்கள் கோல்காவலர் ஜைனல் அங்கேயேதான் நிற்க வேண்டும். இடைவேளை தோறும் போய், "காலு எப்படி?" என்று கேட்டேன். "ஓகே லா, அங்கிள்" என்றார் ஒவ்வொரு முறையும். ஆட்டம் முடிந்து பார்த்தால் இரண்டு உள்ளங்காலிலும் தோல் கொப்புளித்து, காசு அளவுக்கு உரிந்திருந்தது. "ஏன்பா சொல்லல?" என்றேன். "சொன்னா என்னை உக்கார வச்சிருவீங்களே" என்றார்.

அன்றைக்குப் புரிந்துகொண்டேன். ஆட்டக்காரரிடம் "ஓகேவா?" என்று கேட்கக் கூடாது. நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறவன் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் சொல்வான். அதற்குப் பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டு, பார்க்க ஆரம்பித்தேன். அவர்கள் எப்படி நடக்கிறார்கள், எந்தக் காலைத் தரையில் வைக்கத் தயங்குகிறார்கள், பேச்சு நடுவில் கண் எங்கே போகிறது. பந்து எங்கே இருந்தாலும் என் கண் மனிதர்கள் மேல்தான் இருக்கும். அந்தப் பருவத்தில் நாங்கள் போட்ட கோல்களில் பாதியை நான் பார்க்கவே இல்லை.

இப்போது நசீர்.

நசீர் எங்கள் தற்காப்பு ஆட்டக்காரர். அணியிலேயே வயதில் மூத்தவர். கிராஞ்சியில் ஒரு செடி வளர்க்கும் நர்சரியில் வேலை, செடி ஏற்றும் லாரியையும் அவரே ஓட்டுவார். பயிற்சிக்கு வரும்போது நகக் கண்ணில் மண் இருக்கும். "மண்ணுல வேல, மணலுல வெளாட்டு, எனக்கு வேற எடமே கெடையாதுண்ணே" என்று சிரிப்பார். எதிரணிக்காரன் அடிக்கும் பந்துக்கு முன்னால் உடம்பைப் போட்டுத் தடுப்பதுதான் அவர் வேலை. நாட்டுக்காக ஒரு கோல் கூட அடித்ததில்லை.

வீடு புக்கிட் பாத்தோக்கில். மனைவியும் ஸமீரா என்ற ஒரே மகளும். ஸமீராவுக்கு அப்போது பதினான்கு வயது. அப்பா ஆடுவதைப் பார்க்க அவள் வந்ததே இல்லை. சனி ஞாயிறு எல்லாம் அப்பா மணலில் கிடந்தால் பிள்ளைக்குக் கோபம் இருக்காதா? பள்ளியில் அவள் நடனம் ஆடிய நிகழ்ச்சிக்கு அவர் வெளிநாட்டுக் கட்டத்தில் இருந்ததால் போக முடியவில்லை. அதற்குப் பிறகு அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

"என்ன சொன்னா தெரியுமாண்ணே? 'நீங்க வெளாடுறது ரியல் ஃபுட்பாலே இல்ல, பா. ஷூ கூட போடுறதில்ல'ங்கிறா."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்த சொல்ல? கரெக்ட்தானே. ஷூ போடுறதில்லையே."

சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் இங்கே கடைசிக் கட்டம் தொடங்கிய பிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு டிக்கெட் வாங்கி வீட்டில் மேசை மேல் வைத்துவிட்டு வருவார். ஆட்டத்துக்கு முன்னால் உடம்பைச் சூடு பண்ணும்போது கண் முழுக்கப் பார்வையாளர் வரிசையில்தான். மனைவி மட்டும் வந்து உட்கார்ந்திருப்பார். பக்கத்து இருக்கையில் அவருடைய கைப்பை இருக்கும். நசீர் கையசைத்துவிட்டுக் குனிந்து மணலைத் தட்டிக்கொள்வார். எனக்கு அதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் வளர்ந்ததில் பாதியை நான் எங்கோ ஒரு திடலோரத்தில் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து தவற விட்டிருக்கிறேன்.

கடைசி ஆட்டம். தோற்றால் நாங்கள் கடைசி இடம், அணி அதோடு சரி. திடலில் லாரி லாரியாக மணல் கொட்டி, சுற்றிலும் இரும்புப் படிக்கட்டு இருக்கைகள் போட்டிருந்தார்கள். மூன்று பகுதிகளாக ஆடும் ஆட்டம் இது. முதல் பகுதி முடிந்து எல்லாரும் தண்ணீர் குடிக்க வந்தார்கள். நசீர் மட்டும் தண்ணீரை வாங்காமல் என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"அண்ணே, அங்க பாருங்க. வந்துட்டா!"

மேல் வரிசையில் அம்மா பக்கத்தில், மஞ்சள் டீ-சர்ட்டில் ஸமீரா. இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, கட்டாயத்தில் வந்தது போல உட்கார்ந்திருந்தாள்.

"கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காளே" என்றேன்.

"எப்படி வேணாலும் உக்காரட்டும்ணே. வந்துட்டால்ல!"

அதற்குப் பிறகு அவர் ஆடிய ஆட்டம் வேறு. தற்காப்பில் நிற்க வேண்டியவர் முன்னால் முன்னால் ஓடினார். கோச் கத்திக் கத்திப் பின்னால் வரச் சொன்னார். மூன்றாம் பகுதி முடியப் போகும் நேரம். இரண்டு அணியும் சமம். எங்கள் ஆள் ஒருவர் பந்தை உயரத் தூக்கிப் போட்டார். கோலுக்கு எதிரே நின்ற நசீர், அந்த வயதில், முதுகைக் கோலுக்குக் காட்டி, காற்றில் எகிறி, தலைக்கு மேலே காலைச் சுழற்றினார். கடற்கரைக் காற்பந்தில் அது பெரிய வித்தை. ஒருவர் அப்படி எகிறிவிட்டால் எதிராளி அவரைத் தொடக் கூடாது. எதிராளியும் வேண்டுமென்று செய்யவில்லை, ஓடி வந்த வேகத்தில் அவருடைய முட்டி நசீரின் தலைப் பக்கத்தில் இடித்தது.

விசில். ஃபிரீ கிக். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

இங்கே ஒரு விதியைச் சொல்ல வேண்டும். சாதாரணக் காற்பந்தில் ஃபிரீ கிக்கை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். எங்கள் ஆட்டத்தில் யார் மேல் தப்பு நடந்ததோ அவரேதான் அடிக்க வேண்டும். அவருக்குப் பலத்த காயம் என்றால் மட்டும், அவருக்குப் பதிலாக இறங்குபவர் அடிக்கலாம். முன்னால் சுவர் போல ஆள் நிறுத்தவும் கூடாது. பந்து, கோல்காவலர், நடுவில் காற்று, அவ்வளவுதான். எங்களிடம் டேரல் என்று ஒரு பையன் இருந்தான். அந்த இடத்திலிருந்து அவன் அடித்தால் பெரும்பாலும் கோல்தான். அவன் அப்போது வெளியே பெஞ்சில் இருந்தான்.

நான் நசீர் பக்கத்தில் முட்டி போடுவதற்குள் கோச் என் பேரைச் சொல்லிக் கத்தும் குரல் வந்துவிட்டது.

"மணியம்! ஹீ கேனாட், ரைட்? கேனாட்னு சொல்லு! டேரல், கெட் ரெடி!"

கோச் கெட்டவர் இல்லை. ஒரு பருவம் முழுக்க அந்த அணிக்காகத் தூக்கமில்லாமல் அலைந்தவர். ஆனால் அவர் நசீரைப் பார்க்கவில்லை, கோலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நசீர் அதற்குள் எழுந்து முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். ரத்தம் இல்லை. வீக்கம் பெரிதாக இல்லை. இரண்டு கையாலும் மணலைக் கூட்டிச் சின்ன மேடு கட்ட ஆரம்பித்தார். பந்தை அதன் மேல் வைத்து அடிப்பதற்கு.

"நான் அடிக்கிறேண்ணே. எனக்கு ஒண்ணும் இல்ல. கோச்சுகிட்ட சொல்லிடுங்க, நான்தான் அடிப்பேன்."

பேச்சு தெளிவாக இருந்தது. கண்ணும் நேராக இருந்தது. பருவம் முழுக்க அடிக்காத கோல், மேல் வரிசையில் மகள். நான் சந்தோஷப்பட்டேன் என்றே சொல்ல வேண்டும். நடுவரைப் பார்த்து "ஓகே" என்று கை காட்ட எழுந்தேன்.

அப்போது நசீர் மணலிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டார். "அண்ணே, ஸமீரா வந்துட்டாளா?"

எனக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. "அதோ, மேல மஞ்ச டீ-சர்ட்டு" என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். முகம் அப்படியே மலர்ந்தது. இப்போது அவள் எழுந்து நின்றிருந்தாள், கை இரண்டும் வாய் மேல். அவர் கையைத் தூக்கிக் காட்டினார். மறுபடி குனிந்து மணலைக் கூட்டினார். இரண்டு பிடி அள்ளியிருப்பார்.

"அண்ணே, ஸமீரா வந்துட்டாளா?"

அதே குரல். அதே ஆசை. மறுபடி அவர் பக்கத்தில் முட்டி போட்டேன். "வந்துட்டா தம்பி, அங்க பாரு" என்றேன். பார்த்தார். முதல் முறை பார்ப்பது போலவே பார்த்தார்.

பிள்ளைகளே, அந்த இடத்தில் என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அவரை வெளியேற்ற வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தலையில் அடிபட்டவர் ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்டால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. ஆனால் நான் சொல்லப் போகும் உண்மை, கோச் என்னைச் சொல்லச் சொன்ன பொய்யின் அதே வார்த்தை. நான் "முடியாது" என்று சொன்னால், எதிரணி மட்டுமில்லை, எங்கள் ஆட்களே நான் நடிக்கிறேன் என்றுதான் நினைப்பார்கள். அதற்குப் பயந்து "முடியும்" என்று சொன்னால் ஊரெல்லாம் என்னை நேர்மையான ஆள் என்று சொல்லும். நசீரும் காலமெல்லாம் நன்றியோடு இருப்பார், காலம் இருந்தால்.

நடுவர் வந்து குனிந்து, இவரால் ஆட முடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். எதிரணித் தலைவர் பின்னாலேயே நின்று, நடிப்பு, நடிப்பு என்று கத்தினார்.

"நோ" என்றேன். "தலையில அடி. ஹீ கேனாட்."

நடுவர் என் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பெஞ்சுப் பக்கம் கை காட்டினார்.

நசீர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, ஏண்ணே? நான்தானே அடிக்கணும்? என்னைத்தானே இடிச்சாங்க?" என்றார். எழுப்பி நிறுத்தினேன். முரண்டு பிடிக்கவில்லை, குழந்தை போல நடந்து வந்தார். கோட்டைத் தாண்டும்போது மூன்றாவது முறையாகக் கேட்டார், ஸமீரா வந்துட்டாளா என்று. நானும் மூன்றாவது முறையாகக் கை காட்டினேன்.

அவர் கட்டிய மணல் மேட்டிலேயே பந்தை வைத்து டேரல் அடித்தான். கோல் என்று சத்தத்தில் தெரிந்தது. நான் பார்க்கவில்லை. நசீரைப் படுக்க வைத்து, கழுத்து அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஜீரணமாகாதது. ஜெயித்த சந்தோஷத்தில் ஆட்டக்காரர்கள் ஓடி வந்து என் முதுகில் தட்டினார்கள். "செம ஆக்டிங், அங்கிள்!" "மூஞ்சிய எப்படி வச்சிருந்தாரு பாத்தியா?" கோச் கையைப் பிடித்துக் குலுக்கி, கண்ணைச் சிமிட்டினார். சும்மா இல்லை, நிஜமாகவே அடி என்று சொன்னேன். "ஆமா ஆமா" என்று இன்னும் பலமாகச் சிரித்தார்கள். பொய் சொல்லிக் கெட்ட பேர் வாங்கினவர்கள் உண்டு. சொல்லாத பொய்க்குப் பாராட்டு வாங்கினவன் நானாகத்தான் இருப்பேன். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரலாம். அப்போது விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். அடிபட்டவர் கூடப் போங்கள். நான் ஆம்புலன்ஸில் ஏறிப் போனேன். ஸமீரா எதிரே உட்கார்ந்து அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மருத்துவமனையில் ஓர் இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். பெரிய ஆபத்தில்லை, சில வாரம் ஓய்வு என்றார்கள். கடைசி இடத்திலிருந்து தப்பியும் அடுத்த பருவத்துக்கு அணி கூடவில்லை. ஆளுக்கொரு காரணம். ஜைனலுக்கு வேலை மாற்றம், டேரல் படிக்கப் போனான். நசீரும் அதோடு நிறுத்திக்கொண்டார். எனக்குப் போன் பண்ணுவதையும் நிறுத்திவிட்டார். நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, சிராங்கூன் சாலையில் வழக்கமாக நான் தேநீர் குடிக்கிற கடையில் உட்கார்ந்திருந்தேன். பூக்கடைகளுக்குச் செடித் தொட்டி இறக்க வந்த லாரியிலிருந்து நசீர் இறங்கினார். என்னைப் பார்த்துவிட்டுத் தயங்கி, பிறகு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"நல்லா இருக்கீங்களாண்ணே?"

"இருக்கேன் தம்பி. டீ சொல்லவா?"

"டீ இருக்கட்டும். ஒண்ணு கேக்கணும். எனக்கு அன்னிக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. காலையில பசியாறினது தெரியும். அப்புறம் ஆஸ்பத்திரி லைட்டு. நடுவுல ஒண்ணுமே இல்ல. பசங்கதான் சொன்னாங்க, கோச் கண்ணக் காட்டினாரு, நீங்க நடிச்சீங்கன்னு. வீடியோவும் பாத்தேன். நான் நல்லா உக்காந்து மணலக் கூட்டிக்கிட்டு இருக்கேன். நல்லாத்தானேண்ணே இருந்தேன்? ஒரு கோலு. என் வாழ்க்கையில ஒரே ஒரு கோலு. அதையா வித்தீங்க?"

கோபத்தில் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். ஏக்கத்தில் கேட்டார்.

"வீடியோவுல நீ பேசறது கேட்டுச்சா?" என்றேன்.

"இல்ல. கூட்டத்துச் சத்தம்தான்."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை முறை, என்ன கேட்டார் என்பதை.

அவர் கையிலிருந்த லாரிச் சாவியை மேசையில் வைத்தார்.

"நானா கேட்டேன்? மூணு தடவையா?"

"மூணு தடவ."

"அவ வந்திருக்கான்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்துச்சா?"

"நீதான் தம்பி எனக்கே காட்டின. மொத ப்ரேக்குல. என் தோளப் புடிச்சுத் திருப்பி."

கண் கலங்கிவிட்டது அவருக்கு. கோலைப் பற்றி அதன் பிறகு அவர் பேசவே இல்லை.

"அந்த ஒரு நாளுதாண்ணே அவ வந்தா. அதுக்கப்புறம் நான் ஆடவே இல்ல. பருவம் பூரா வருவாளா வருவாளான்னு பாத்தது நல்லா ஞாபகம் இருக்கு. வந்தது மட்டும் இல்ல." மேசைத் துணியை விரலால் தடவினார். "அவகிட்ட கேட்டா, 'வந்தேன் லா, பா, என்ன சொல்றது?'ன்னுட்டு போனப் பாக்க ஆரம்பிச்சிடுறா. வீடியோவுல நான் திரும்புறது தெரியுது. முதுகுதான் தெரியுது."

நான் எனக்குச் சொல்லியிருந்த தேநீர் வந்தது. அவர் தம்ளரை ஓரமாகத் தள்ளினார்.

"நீங்க கிட்டத்துல இருந்தீங்கள்ல? அவளப் பாத்தப்ப என் மூஞ்சி எப்படிண்ணே இருந்துச்சு?"

பிள்ளைகளே, இதற்கு எந்த வகுப்பிலும் பதில் சொல்லித் தர மாட்டார்கள். எனக்கு வார்த்தையும் கம்மி. தெரிந்த மட்டும் சொன்னேன். நெற்றியில் மணல் ஒட்டியிருந்ததை. முதலில் கண் தேடியதை, மஞ்சள் சட்டையைக் கண்டதும் தேடல் நின்றதை. வாய் திறந்து, சிரிப்பு வருவதற்கு முன்னால் ஒரு கணம் நம்பாமல் என் பக்கம் திரும்பி, நிஜம்தானா என்று என்னைப் பார்த்ததை. நான் தலையாட்டிய பிறகுதான் சிரித்ததை.

"மூணு தடவையும் அதே மாதிரியா?"

"ஒவ்வொரு தடவையும் புதுசா, தம்பி. அவ அப்பத்தான் வந்த மாதிரி."

வெளியே லாரிக்குப் பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். நசீர் திரும்பவில்லை. நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே" என்றார்.

சொன்னேன்.